தொலைநோக்கிக்கு ஐபீஸ்: எண் குழாயிலேயே இருக்கிறது

ஆரம்பநிலைத் தொலைநோக்கிகளின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 525 மடங்கு. அந்த எண் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட குழாயில் 4 மி.மீ. ஐபீஸைச் செருகினால், 700ஐ 4ஆல் வகுத்து 175 மடங்கு. பெட்டியோடு வரும், உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் நடுவில் வைத்தால் 525. வகுத்தல் சரி, பெருக்கல் சரி. ஆனால் அந்த நிலையில் சனிக் கோளைத் தேடினால், தேடிக் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் மங்கலாக நடுங்கும் ஒரு மஞ்சள் திட்டுதான். இரண்டு மூன்று இரவு பார்த்துவிட்டுக் குழாயைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பழி தொலைநோக்கியின் மேல் விழுகிறது. அதன் முன்புற லென்ஸ் பெரும்பாலும் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கும். கெடுத்தது பின்னால் செருகிய சிறு குழல், அதாவது பாடநூல் கண்ணருகு லென்ஸ் என்றும் வானம் பார்ப்பவர்கள் ஐபீஸ் என்றும் சொல்லும் பொருள்.

தொலைநோக்கியின் முன்லென்ஸோ அடியில் உள்ள குழியாடியோ வானத்து ஒளியைத் திரட்டி ஒரு சிறு பிம்பமாக்குகிறது. அந்தப் பிம்பத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க உதவும் பூதக்கண்ணாடிதான் ஐபீஸ். ஆகவே ஐபீஸுக்கென்று தனியாக உருப்பெருக்கம் எதுவும் கிடையாது. மேலே சொன்ன அதே 4 மி.மீ. ஐபீஸை 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் போட்டால் 162 மடங்கு. அந்தக் கருவி அதைத் தாராளமாகத் தாங்கும். 127 மி.மீ. விட்டமும் 1500 மி.மீ. குவியத் தூரமும் உள்ள மக்சுடோவ் வகையில் போட்டால் 375 மடங்கு, பயனில்லை. ஒரே பொருள் ஓரிடத்தில் நல்ல கருவி, இன்னோரிடத்தில் வீண் செலவு. கடைக்காரரிடம் "நல்ல ஐபீஸ் எது?" என்று கேட்பது "நல்ல செருப்பு எது?" என்று கேட்பதைப் போல, கால் அளவைச் சொல்லாமல் பதில் கிடைக்காது. தொலைநோக்கியின் கால் அளவு அதன் எஃப் எண். குழாயின் மேல் ஒட்டிய சிறு தகட்டில் விட்டமும் குவியத் தூரமும் அச்சிட்டிருக்கும். குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். 650க்கு 130 என்றால் 5. 1200க்கு 200 என்றால் 6. 700க்கு 70 என்றால் 10. எத்தனை ஐபீஸ், எந்த அளவு, எவ்வளவு செலவு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு எண் ஏறக்குறைய முழுப் பதில் தந்துவிடுகிறது என்பதே இங்கே நான் சொல்லவருவது.

விதி எளிது. எஃப் எண் எதுவோ, அத்தனை மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று. அதுதான் கோள்களுக்கும் நிலவின் பள்ளங்களுக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு மில்லிமீட்டரில் ஒன்று. அது விண்மீன் கொத்துகளுக்கும் நெபுலாக்களுக்கும். நான்கைந்து மடங்கில் ஒன்று. அது வானத்தில் தேடுவதற்கும் அகன்ற காட்சிகளுக்கும். எஃப் 5 என்றால் 5, 10, 25. எஃப் 6 என்றால் 6, 12, 30 அல்லது 32. எஃப் 10 என்றால் 10, 20, அதற்கு மேல் 32 வரை. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பகலில் தொலைநோக்கியைச் சூரியன் இல்லாத திசையில் வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்துவிட்டு, ஐபீஸிலிருந்து ஒரு முழம் பின்னால் நின்று பாருங்கள். ஐபீஸின் வாயில் ஒரு சிறிய ஒளி வட்டம் மிதப்பது தெரியும். தொலைநோக்கி திரட்டிய ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது. அதன் தடிமன் எவ்வளவு என்பதற்கு ஐபீஸின் மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். எஃப் எண்ணுக்குச் சமமான ஐபீஸில் அந்த ஒளிக்கற்றை 1 மி.மீ.; இரட்டிப்பில் 2 மி.மீ.; நான்கைந்து மடங்கில் 4, 5 மி.மீ. எல்லாத் தொலைநோக்கிகளுக்கும் ஒரே விதி பொருந்துவது இதனால்தான். ஐபீஸைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் கண்ணுக்கு எவ்வளவு தடிமனான ஒளிக்கற்றை வேண்டும் என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

ஏன் 1 மி.மீ. என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நெருக்கமாக நிற்கும் இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் திறன் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் ஓர் எல்லைக்கு உட்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இரட்டை விண்மீன்களை ஓயாமல் அளந்த டாவ்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: 116ஐ மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் எத்தனை வருமோ, அத்தனை விகலை. 60 மி.மீ. தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 1.9 விகலை. (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை.) மனிதக் கண்ணோ நல்ல வெளிச்சத்தில் ஒரு கலையைப் பிரித்தறியும், சிரமமில்லாமல் பார்க்க இரண்டு கலை வேண்டும். கற்றை 1 மி.மீ. ஆகும்போது உருப்பெருக்கம் விட்டத்தின் மில்லிமீட்டருக்குச் சமமாகிறது, 60 மி.மீ.க்கு 60 மடங்கு. அப்போது 1.9 விகலை பெருகி 116 விகலை ஆகிறது. அதாவது கிட்டத்தட்ட இரண்டு கலை. தொலைநோக்கி காட்டக்கூடிய மிக நுண்ணிய விவரம் அந்த இடத்திலேயே கண்ணுக்கு எட்டிவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றினால் கண்ணுக்குச் சற்று வசதி கூடும், அதைப்போல் இரண்டு மடங்கு வரைக்கும். கற்றை அரை மில்லிமீட்டராகும் 120 மடங்கைத் தாண்டினால் புதிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்ததே ஊதிப் பெருத்து மங்கும். கற்றை பாதியானால் பிம்பத்தின் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும். 525 மடங்கில் கற்றையின் தடிமன் சுமார் 0.11 மி.மீ.; வெளிச்சம் 60 மடங்கில் இருந்ததில் எழுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. போதாக்குறைக்கு, அவ்வளவு மெல்லிய கற்றையில் நம் கண்ணுக்குள் மிதக்கும் தூசு இழைகள் எல்லாம் சனியின் மேல் நீந்தும்.

இருந்தாலும் மனம் கேட்காது. பெரிதாக்கினால்தானே கோள் தெரியும் என்று தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1610 சனவரியில் கலீலியோ வியாழனின் நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில். 1655இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சனியின் டைட்டன் நிலவைக் கண்டது சுமார் 50 மடங்கில்; அவருடைய லென்ஸின் விட்டம் இன்று பரணில் கிடக்கும் 60 மி.மீ. குழாயைவிடச் சற்றே சிறியது. அளவையும் பார்க்கலாம். வியாழன் பூமிக்கு அருகில் வரும் மாதங்களில் அதன் தோற்ற விட்டம் சுமார் 45 விகலை. வெறும் 40 மடங்கில் அது 30 கலையாகிவிடுகிறது. வெறும் கண்ணுக்கு முழு நிலவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு. ஐபீஸுக்குள் பார்க்கும் யாரும் இதை நம்ப மாட்டார்கள், ஏனென்றால் இருட்டு வட்டத்தின் நடுவில் தனியாக நிற்கும் எதுவும் சின்னதாகத்தான் தோன்றும். குறை அளவில் இல்லை, பழகாத கண்ணில் இருக்கிறது. பத்து நிமிடம் தொடர்ந்து பார்த்தால் வியாழனின் பட்டைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். இன்னொரு தடை காற்று. விண்மீன்கள் மின்னும் இரவில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியும் 200 மடங்குக்கு மேல் குழம்பிய படத்தைத்தான் தரும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: கோள்கள் செல்லும் பாதை இங்கே தலைக்கு மேலே உயர்ந்து போகிறது. லண்டன்காரர் அடிவானத்துக்கு அருகே, தடித்த காற்றின் ஊடே பார்க்கும் கோளை நாம் உச்சியில் மெல்லிய காற்றின் ஊடே பார்க்கிறோம். ஆகவே 1 மி.மீ. கற்றையை இங்கே பல இரவுகளில் முழுமையாகப் பயன்படுத்த முடியும்.

குறைந்த உருப்பெருக்கத்தை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஆனால் ஒரு தொலைநோக்கியில் அதிக நேரம் செருகியிருக்கப்போவது அந்த ஐபீஸ்தான். கார்த்திகைக் கொத்து வானத்தில் இரண்டு பாகை அகலம். விருச்சிகத்தின் வால் அருகே உள்ள எம் 7 கொத்து ஒன்றே கால் பாகைக்குக் கொஞ்சம் கூட. நம் அட்சரேகையில் ஏப்ரல், மே இரவுகளில் தெற்கு வானில் ஏறிவரும் ஒமேகா செண்டாரி, முழு நிலவு அளவுக்குப் பரந்த விண்மீன் திரள்; ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அது எழுவதே இல்லை. இவற்றையெல்லாம் பார்க்க வானத்தின் அகன்ற துண்டு வேண்டும். இங்கேதான் பலர் 40 மி.மீ. ஐபீஸுக்குப் பணம் கொடுத்து ஏமாறுகிறார்கள். வழக்கமான ஒன்றேகால் அங்குல ஐபீஸின் குழல் உள்ளே 27, 28 மி.மீ. அகலம்தான். பிளாசல் என்ற வகையில் 32 மி.மீ. ஐபீஸ் அந்த அகலம் முழுவதையும் பயன்படுத்திவிடுகிறது. 40 மி.மீ.க்குப் போனால் வானத்தில் ஓர் அங்குலம்கூட அதிகமாகத் தெரியாது. அதே துண்டு சிறியதாகி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கற்றையின் தடிமன் 5 மி.மீ.யைத் தாண்டும்போது தெருவிளக்கு வெளிச்சமும் சேர்ந்து பெருகி வானம் சாம்பல் பூசியதாக ஆகிவிடும். எஃப் 5 தொலைநோக்கி வைத்திருக்கும் நகரவாசிக்குப் பெட்டியில் வந்த 25 மி.மீ. போதும், 32 வேண்டாம்.

இனி தரமும் விலையும். இதிலும் தீர்ப்புச் சொல்வது எஃப் எண்தான், சற்றே எதிர்பாராத விதத்தில். எஃப் 10 தொலைநோக்கியில் ஒளி நீண்டு மெலிந்த கூம்பாக ஐபீஸை வந்தடைகிறது; எஃப் 5இல் அதே கூம்பு இரண்டு மடங்கு அகலமானது. மெலிந்த கூம்பை எந்தச் சாதாரண லென்ஸும் சமாளிக்கும். அகன்ற கூம்பு, லென்ஸின் ஒவ்வொரு குறையையும் வெளியே கொண்டுவந்துவிடும். ஓரத்தில் உள்ள விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் சிறகு விரித்த பறவைபோல் தெரியும். ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த இரண்டு லென்ஸ் ஐபீஸ் அவர் காலத்து மிக நீண்ட தொலைநோக்கிகளில் நன்றாக வேலை செய்தது. 1849இல் கெல்னரும், 1860இல் வியன்னாவின் கியோர்க் சைமன் பிளாசலும் ஐபீஸை மேம்படுத்தினார்கள். பிளாசல் செய்தது, ஒட்டிய லென்ஸ் இணைகள் இரண்டை எதிரெதிரே வைப்பது. 160 ஆண்டுகளுக்குப் பிறகும் குறைந்த விலையில் கிடைக்கும் நம்பகமான ஐபீஸ் அதுதான். எஃப் 10, 12 தொலைநோக்கி வைத்திருப்பவர் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பிளாசலை வாங்கினால், அதைப்போல் பத்து மடங்கு விலையுள்ளதோடு ஒப்பிட்டாலும் காட்சியின் நடுப்பகுதியில் வேறுபாடு காண்பது கடினம். எஃப் 5 வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது: விலை மலிவாக, குட்டையாக, பெரிய விட்டத்தோடு விற்கப்படும் தொலைநோக்கிகள்தாம் எஃப் 4, எஃப் 5. தொலைநோக்கியில் மிச்சம் பிடித்ததை ஐபீஸ் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முதல் தொலைநோக்கியே இன்னும் வாங்கவில்லை என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப் 8 குழாய் நீளமாக, தூக்கக் கனமாக இருக்கும், ஆனால் வாழ்நாள் முழுவதும் மலிவான ஐபீஸோடு ஒத்துப்போகும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லித் தொலைநோக்கியைவிட ஐபீஸுக்கு அதிகம் செலவழிப்பவர்களைக் கேலி செய்யலாம். ஆனால் அவர்கள் எல்லாரும் ஏமாளிகள் அல்லர். அல் நாக்லர் என்ற அமெரிக்க ஒளியியல் பொறியாளர், அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பயிற்சி பெறுவதற்கான பார்வைச் சாதனங்களில் வேலை செய்தவர். 1980ஐ ஒட்டி 82 பாகைப் பார்வைக் கோணம் கொண்ட ஐபீஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிளாசலின் கோணம் 50 பாகை. பிளாசலில் வட்டமான ஒரு சன்னல் வழியாகப் பார்க்கிறோம் என்றால், அதில் சன்னலைத் தாண்டி மொட்டைமாடிக்கே வந்துவிட்ட உணர்வு. அது வெறும் சொகுசு என்று ஒதுக்கவும் முடியாது. மோட்டார் இல்லாத டாப்சோனியன் தொலைநோக்கியில் பூமியின் சுழற்சியால் கோள் நகர்ந்துகொண்டே இருக்கும். 200 மடங்கில், 50 பாகை ஐபீஸில் கால் பாகை வானம்தான் தெரிகிறது. வியாழன் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஒரு நிமிடம். 82 பாகையில் அது ஒன்றரை நிமிடத்துக்கு மேல். மலிவுப் பெட்டிகளில் வரும் 35, 40 பாகை ஐபீஸில் ஏறத்தாழ முக்கால் நிமிடம்தான் நிற்கும். வரிசையில் நிற்கும் பத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இந்த நிமிடக் கணக்குப் பெரிய கணக்கு. ஆகவே கோணத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம்தான். எவ்வளவு கோணத்துக்கு, எந்த விலையில் என்பதுதான் கேள்வி.

நல்லவேளையாக அதற்கு நடுவழி ஒன்று பிறந்திருக்கிறது. சீனத் தொழிற்சாலைகளிலிருந்து பல வணிகப் பெயர்களில் வரும் 66 பாகை ஐபீஸ் வரிசை ஒன்று உண்டு. உடலைச் சுற்றித் தங்க நிறக் கோடு இருப்பதால் உலகெங்கும் வானம் பார்ப்பவர்கள் அதைத் 'தங்கக்கோடு' என்றே அழைக்கிறார்கள். 6, 9, 15, 20 மி.மீ. என்று நான்கு அளவு. நான்கையும் சேர்த்து வாங்காதீர்கள். 6உம் 9உம் விலைக்கு மீறிய தரம். 15உம் 20உம் எஃப் 5, எஃப் 6இல் ஓரத்தைக் கலைத்துவிடும். காரணம் உள்ளே இருக்கிறது. 6, 9 இரண்டின் அடியில் ஒளியை விரிக்கும் லென்ஸ் தொகுதி ஒன்று வைத்திருக்கிறார்கள். அகன்ற கூம்பு அதில் பட்டு மெலிந்த கூம்பாகித்தான் மேலே போகிறது. நாக்லரின் ஐபீஸும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. பிளாசலில் கண்ணை எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்பது அதன் குவியத் தூரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. 25 மி.மீ.யில் அது தாராளம், 6 மி.மீ.யில் நாலரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. இமை முடி லென்ஸைத் துடைக்கும், ஒவ்வொரு முறையும் கண் நீர் அதில் ஒட்டும். அதனால் 10 மி.மீ.க்குக் கீழே பிளாசல் வாங்குவது வீண் துன்பம். தங்கக்கோடு 6இல் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது.

கண்ணாடி அணிபவர்கள் இங்கே கவலைப்படுவார்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் தொலைநோக்கியின் குவியத் திருகே சரிசெய்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் பவர் இருந்தால்தான் சிக்கல். அதிலும் கற்றை 1 மி.மீ. அளவுக்கு மெலிந்துவிட்டால் கண்ணின் ஒரு சிறு பகுதி மட்டுமே வேலை செய்வதால் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துபோகும். கண்ணாடி தேவைப்படுவது தடித்த கற்றை தரும் 25, 32 மி.மீ. ஐபீஸில், அங்கேயோ கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே கண்ணாடி நுழைய ஏற்கெனவே இடம் இருக்கிறது.

பார்லோ லென்ஸைப் பற்றிக் கெட்ட பெயர் நிலவுகிறது. பெட்டியோடு இலவசமாக வரும் 3 மடங்கு பிளாஸ்டிக் பார்லோ சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. இரண்டு லென்ஸ் ஒட்டிய நல்ல 2 மடங்கு பார்லோ வேறு பொருள். அது எஃப் 5 கூம்பை எஃப் 10 ஆக மெலியச் செய்கிறது; 10 மி.மீ. ஐபீஸை 5 மி.மீ.யாகச் செயல்பட வைத்து, கண்ணின் இடைவெளியை மட்டும் பழைய 10 மி.மீ.க்குரியதாகவே விட்டுவைக்கிறது. 130க்கு 650 தொலைநோக்கியோடு வந்த 25, 10 இரண்டையும் வைத்திருப்பவர் ஒரு பார்லோ வாங்கினால் 25, 12.5, 10, 5 என்று நாலு கிடைக்கிறது. நம் விதி கேட்ட 5, 10, 25 மூன்றும் அதற்குள் அடக்கம். எஃப் 5க்காரருக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை. எஃப் 12 மக்சுடோவ் வைத்திருப்பவருக்கோ பார்லோவால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு 12 மி.மீ. பிளாசலே 125 மடங்கு தந்துவிடுகிறது. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு வீண் செலவு என்பதற்கு இதுவும் சாட்சி.

"ஒரே ஒரு சூம் ஐபீஸ் வாங்கினால் இத்தனை கணக்கும் வேண்டாமே" என்ற வாதம் வலுவானது. 8 முதல் 24 மி.மீ. வரை திருகினால் மாறும் அந்த ஐபீஸ், பள்ளியில் வானம் காட்டுபவர்களுக்கு உண்மையிலேயே வசதி. இருட்டில் சிறு குழல்களைத் தேடித் தடவ வேண்டியதில்லை. காற்று அமைதியாகும் கணத்தில் திருகி ஏற்றலாம். ஆனால் அதன் பார்வைக் கோணம் தலைகீழ்: 8இல் 60 பாகை, 24இல் 40 பாகை. அகலம் எங்கே வேண்டுமோ அங்கே சுருங்கி, வேண்டாத இடத்தில் விரிகிறது. எஃப் 8க்கு மேல் உள்ள தொலைநோக்கியில் சூமும் 32 பிளாசலும் சேர்ந்தால் முழுத் தேவையும் தீரும். எஃப் 5இல் 8 மி.மீ. எட்டாது, பார்லோ சேர்க்க வேண்டிவரும்; விலை கூடும், மென்மை போகும்.

அலுமினியப் பெட்டியில் ஐந்தாறு பிளாசலும் பார்லோவும் வண்ண வடிகட்டிகளுமாக விற்கும் தொகுப்பைப் பார்த்தால் கை நீளும். விலையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொன்றும் மலிவுதான். ஆனால் எந்தத் தொலைநோக்கியிலும் அதில் பாதி தேறாது: 4, 6 மி.மீ.யில் கண் வைக்க முடியாது, 40 மி.மீ. வெறும் குழாய், வடிகட்டிகளை இரண்டாம் முறை யாரும் எடுப்பதில்லை. அதே பணத்தில் எஃப் எண்ணுக்குப் பொருந்தும் இரண்டு நல்ல ஐபீஸ் வாங்கலாம். சிலர் ஒன்றுகூட வாங்க வேண்டியதில்லை. 70க்கு 700 தொலைநோக்கியோடு 25, 10 மி.மீ. கெல்னர் வந்திருந்தால் அவை அந்தக் குழாய்க்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓராண்டு பார்த்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் வீணாகக் கிடக்கும் நுண்ணோக்கியில் 10 மடங்கு என்று எழுதிய ஐபீஸ் இருந்தால் அது 25 மி.மீ. குவியத் தூரம் கொண்டது (250ஐ 10ஆல் வகுங்கள்). பழைய கருவிகளின் 24.5 மி.மீ. துளையில் அதை ஒட்டுநாடா சுற்றிப் பொருத்திவிடலாம். எதை வாங்குவதானாலும் முதலில் அளவுகோலை எடுத்துத் தொலைநோக்கியின் துளையை அளந்துவிடுங்கள்; இப்போதைய வழக்கமான அளவு 31.7 மி.மீ.

எந்த ஐபீஸாலும் தீராத குறைகளும் உண்டு. நியூட்டன் தொலைநோக்கியின் ஆடிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் பத்து மடங்கு விலையுள்ள ஐபீஸும் கலங்கலைத்தான் காட்டும். அதைச் சரிசெய்யத் தேவை ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும். நியூட்டன் வகைக் குழாய் அரை மீட்டர் நீளமே இருக்க, தகட்டில் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்தால், குவியக் குழலுக்குள் ஒளியை நீட்டும் மலிவு லென்ஸ் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்கு ஐபீஸ் வாங்கிப் பணத்தைத் தொலைக்காதீர்கள். சனியின் வளையம் மெல்லிய கீற்றாகத் தெரிகிறதே என்று இப்போது யாரும் ஐபீஸைக் குறைகூற வேண்டாம்: 2025 மார்ச்சில் பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்தது, வளையம் மெல்லத்தான் விரிந்துவருகிறது. 2030களின் தொடக்கத்தில் அதே ஐபீஸில் அகலமாகத் தெரியும். கடற்கரையோர ஊர்களில் ஐபீஸின் எதிரி பூஞ்சை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பல ஆண்டு தாங்கும்.

பழைய பெட்டிகளில், ஐபீஸின் அடியில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கும். சூரியனைப் பார்க்க என்று எழுதியிருக்கும். தொலைநோக்கி திரட்டிய வெயில் முழுவதும் ஒரு புள்ளியில் குவியும் இடத்தில் அது உட்காருகிறது. சூடேறி வெடித்தால், கண்ணை எடுக்க நேரம் இருக்காது. சூரியனுக்கான வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அந்தக் கறுப்பு வட்டம் இருந்தால், பிள்ளைகள் கையில் கிடைப்பதற்கு முன் இன்றே அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.